முழித்த இடம்

செம்பனேந்தலில் ஐப்பசி ஏழாம் தேதி மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கண் அயர்ந்தவர்களில் ஒருத்தர்கூடப் படுத்த இடத்தில் எழுந்திருக்கவில்லை. டீக்கடை முத்திருளாண்டி ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் எழுந்தார். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் கருவேல மரத்து மேல் எழுந்தார், முள்ளோடு. நூறு நாள் வேலைக்குப் போய் வரப்போரம் சாய்ந்திருந்த பதினேழு பெண்கள் மொட்டைப் பாறை மேல் வரிசையாக எழுந்து, ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்து, "ஆள் கணக்கெடுக்க வர்றதுக்குள்ள இறங்குங்கடி" என்று சேலையைத் தட்டிக்கொண்டு இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே கனவு. கண்மாயின் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு மேல் நிற்கிறார்கள், கரை வெடிக்கிறது, தண்ணீர் வருகிறது, அவரவர் ஓடுகிறார்கள். கனவில் கால் எங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ அங்கே உடம்பு முழித்தது. ஓடும்போது கையில் எதைப் பிடித்திருந்தார்களோ அதுவும் கூடவே வந்திருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ராத்திரியில் ஒரு தொந்தரவும் இல்லை, படுத்த பாயிலேயே ஊர் ஒழுங்காக விடிந்தது. மத்தியானம் இரண்டுக்கும் மூன்றரைக்கும் நடுவில் மட்டும்தான் இந்தக் கூத்து. எந்த ஆபீசும் அந்த ஊருக்காக அத்தனை நேரம் தவறாமல் திறந்ததில்லை. தூங்காமல் இருந்தால் என்ன என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர்கள், உட்கார்ந்த வாக்கில் ஒரு கண் சிமிட்டலில் போய்ச் சேர்ந்தார்கள், வெற்றிலையோடு.

ஆச்சரியப்பட ஊருக்கு நேரம் இல்லை, சண்டை போடவே நேரம் போதவில்லை. ஒருத்தன் பொண்டாட்டியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியோடு முழித்தான். அவன் பொண்டாட்டி அவனை விட்டுவிட்டுத் தன் தாயார் கையைப் பிடித்தபடி ஊரின் இன்னொரு கோடியில் முழித்தாள். இரண்டு பேரும் மூன்றே முக்கால் மணிக்கு வீட்டு வாசலில் சந்தித்து நாலு மணிக்குள் பாத்திரங்களை உடைத்தார்கள். வேறொருத்தர் அடுத்த வீட்டுக்காரி கையைப் பிடித்தபடி கோயில் கூரையில் முழிக்க, பஞ்சாயத்துக் கூடி, கனவில் பிடித்த கைக்கு வழக்கு இல்லை, ஆனால் முழித்த பிறகும் விடாமல் பிடித்திருந்த நேரத்துக்கு உண்டு என்று தீர்ப்பாயிற்று. பத்து நாளில் எல்லாம் பழகிப்போனது. செருப்பைப் போட்டுக்கொண்டும், பஸ் காசை முந்தியில் முடிந்துகொண்டும் தூங்கினார்கள். மொட்டைப் பாறை அடிவாரத்தில் முத்திருளாண்டியின் மச்சான் ஒரு பஜ்ஜிக் கடை போட்டான். பொண்ணு பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு, "பொண்ணு எங்கனக்குள்ள முழிக்குது? கையில என்ன இருக்கும்?" என்று கேட்டார்கள். கரையைச் சோதிக்க வந்த இன்ஜினியர் கரை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, ஜீப்பில் சற்றுச் சாய்ந்தவர், சிவகங்கையில் தன் வீட்டுப் பூஜை அறையில் முழித்தார். அதற்குப் பிறகு போனில்தான் பேசினார்.

பஞ்சவர்ணம் முழித்தது மானாமதுரை பஸ் ஸ்டாண்டில்.

ஊரிலேயே அதுதான் அதிக தூரம். பதினாலு கிலோமீட்டர். வாழைப்பழக் கடைக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவில், வெறும் கையோடு, மூச்சு இரைக்க இரைக்க எழுந்து நின்றாள். மற்றவர்கள் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும். இவளை அப்படி விட முடியாது. இவள் அந்த ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும், வயல் வயலாகத் தண்ணீரைப் பிரித்து விடுவதும், கண்மாய் நிரம்பினால் கலுங்கில் இருக்கும் ஷட்டரைத் திருகித் திறந்து மிச்சத் தண்ணீரை ஆற்றுப் பக்கம் தள்ளிவிட்டுக் கரையைக் காப்பாற்றுவதும் அவள் வேலை. ஷட்டரைத் திருகுகிற சாவி, இடுப்பு உயரத்துக்கு இரும்பில் செய்தது, அவள் வீட்டு மூலையில்தான் சாத்தியிருக்கும். ஊரே ஓடினாலும் ஓடக்கூடாத ஒரே ஆள் அவள்தான்.

அந்த வேலை அவள் புருசன் மாயழகு பார்த்தது. இரண்டு வருசத்துக்கு முந்தி மடையில் அடைத்திருந்த செத்தையை எடுக்கத் தண்ணீருக்குள் முங்கியவர் எழுந்திருக்கவில்லை. கரையில் நின்ற பஞ்சவர்ணம் ஊரைப் பார்த்து ஓடினாள். ஆட்களோடும் கயிற்றோடும் அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஏன்டி, உனக்குத்தான் நீந்தத் தெரியுமே?" என்று எழவு வீட்டில் ஒருத்தி கேட்டாள். பஞ்சவர்ணம் அவளை அடிக்கப் பாய்ந்தாள். அந்தக் கேள்வி தனக்குள்ளும் கிடந்ததால்தான் அத்தனை வேகமாகப் பாய்ந்தாள். பிறகு, பொம்பளைக்கு எதற்கு நீர்பாய்ச்சி வேலை என்று சொன்ன அத்தனை பேரிடமும் வாய்க்கு வாய் பேசி, வேலையைத் தன் கைக்குக் கொண்டுவந்தாள். பேசுவதில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. திருப்புவனம் சந்தையில் அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் கத்தரிக்காய்க்காரர்கள் கூடையைச் சாக்குப் போட்டு மூடுவார்கள்.

அவளுக்கு ஒரே மகள், கோபிகா, ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மத்தியானம் ஒரு கண் சிமிட்டலுக்குக்கூட அயரவிடுவதில்லை என்பதால் பிள்ளைகளுக்குக் கனவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். முதல் ஞாயிறு பஞ்சவர்ணம் மானாமதுரையில் முழித்து, பஸ் ஏறி, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தபோது மகள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கனடி முழிச்ச?"

"இங்கனதான். கரை உடைஞ்சுச்சு. நீ வீட்டுக்குத்தான் வருவன்னு ஓடி வந்து வாசல்ல நின்னேன். நின்னுக்கிட்டே முழிச்சுட்டேன்."

"அடுத்த தடவ உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

"மானாமதுரைக்கா?"

"எங்கிட்டோ. சேர்ந்து போவோம்."

அடுத்த ஞாயிறு பஞ்சவர்ணம் தாம்புக் கயிறு ஒன்றை எடுத்துத் தன் இடது மணிக்கட்டையும் மகளின் வலது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினாள். மாட்டுக்குப் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தார்கள். முழித்தபோது வாழைப்பழக் கடை இருந்தது, கழிப்பறை இருந்தது, அவள் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. கயிறு இல்லை. அறுந்திருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பழைய கயிறு, இற்றுப்போன கயிறு, இதைக் கட்டியதே என் தப்பு என்று கயிற்றைத் திட்டினாள்.

வீட்டு வாசலில் கோபிகா கையில் கயிறு முழுசாக இருந்தது.

"அறுந்து போச்சாடி?"

"அறுகல. நீதான் அவுத்த." பிள்ளை கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "முடிச்சு இறுகிருச்சு. பல்லால கடிச்சு அவுத்த. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பஞ்சவர்ணம் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தாள். சணல் நார் ஒன்று இடுக்கில் இருந்தது.

அன்றைக்குப் பிறகு அவள் மகளைத் தன்னோடு கட்டவில்லை. ஓடுவதை நிறுத்தவும் முடியவில்லை. காலில் அம்மிக்கல்லைக் கட்டிப் படுத்தாள், மானாமதுரையில் அம்மிக்கல்லோடு முழித்தாள். கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் கேட்டபோது அவள் பேசிய பேச்சில் முன் சீட்டுக் கிழவர் ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார். அதே கண்டக்டர்தான் தினமும். "என்னக்கா, இன்னிக்கும் ஓட்டத்துல நீதான் பஸ்ட்டா?" என்பான். "வாயை மூடிட்டு டிக்கெட்டக் கிழி" என்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை விரித்துப் பார்ப்பாள். கரை நிஜமாக உடைந்தால் இந்தக் கை என்ன செய்யும்? சந்தையில் இந்தக் கை வைத்த கூடையை எந்த வியாபாரியும் பிடுங்கியதில்லை. பெற்ற பிள்ளையின் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கிறவள் ஊர்க் கரையை எப்படிக் காப்பாள்?

இதே கேள்வியை ஊரும் கேட்டது. ஊர் மனசுக்குள் வைத்துக் கேட்காது, கூட்டம் போட்டுக் கேட்கும். அரிசி வந்த நாளாகப் பார்த்து ரேஷன் கடை முன்னால் கூடினார்கள். ஊர்த் தலைமை பார்க்கிற அம்பலம் சோலைமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கனவில் பெரியதாக ஓடுவதில்லை, தன் நெல் குதிருக்குள் முழிப்பார். அதனால் பொறுப்பான ஆள் என்று பேர்.

"பஞ்சவர்ணம், உன் மேல எங்களுக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது," என்று தொடங்கினார்.

"எனக்கு உங்க மேல இருக்கு. சொல்லுங்க."

"கனவுங்கிறது சாமி காட்டுற ஒத்திகைம்மா. நாளைக்கு நெசமாவே உடைஞ்சா எவன் எங்க நிப்பான்னு முன்கூட்டியே காட்டுது. நீ மானாமதுரையில நிக்கிற. கலுங்கு இங்க இருக்கு."

"ஊர்ல எவன் நின்னான்? நீங்க குதிருக்குள்ள நின்னீங்க. அங்கன இருந்து ஷட்டரத் திருகுவீங்களா?"

கூட்டம் சிரித்தது. அம்பலம் சிரிக்கவில்லை. "ஒருத்தன் நிக்கிறான்," என்றார்.

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள். தவசி மாயழகுக்குச் சித்தப்பா மகன், ஆடு மேய்க்கிறவன், பஞ்சவர்ணத்துக்குக் கொழுந்தன் முறை. ஐப்பசி ஏழிலிருந்து அவன் எங்கே படுத்தாலும், ஆட்டுப் பட்டியில் படுத்தாலும் மாமியார் வீட்டில் படுத்தாலும், நேராகக் கலுங்கு மேல், ஷட்டர் பக்கத்தில், நின்ற வாக்கில் முழித்தான். ஊரே ஓடுகிறது, ஒருத்தன் நிற்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தவசி தலையைக் குனிந்தபடி ஒன்றும் பேசாமல் நின்றான். தைரியசாலி பேச மாட்டான் என்று ஊர் அதையும் அவன் பங்கில் சேர்த்துக்கொண்டது. மாலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள்.

பஞ்சவர்ணம் அரை மணி நேரம் கத்தினாள். மாயழகு செத்த கதையை இழுத்தாள், இரண்டு வருசம் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாமல் பிரித்த கதையை இழுத்தாள், ஒவ்வொருத்தர் கையிலும் என்ன இருந்தது, யார் யாரை விட்டுவிட்டு ஓடினார் என்று பேர் சொல்லி மானத்தை வாங்கினாள். கத்திக்கொண்டே இருந்தவள் கூட்டத்தின் ஓரத்தில் கோபிகா நிற்பதைப் பார்த்தாள். பிள்ளை தன் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் பேச்சை நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், சாவியைத் தோளில் தூக்கி வந்து, தவசி காலடியில் போட்டாள். பேரம் படியாமல் அவள் விட்டுக்கொடுத்த முதல் சாமான் அது. என்னிடம் கேட்டால் நானும் எனக்குக் கொடுக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

கார்த்திகை பதினெட்டோடு நாலு நாள் மழை. பத்தொன்பது, புதன்கிழமை, காலை பதினொன்றரைக்கு, எல்லோரும் நன்றாக முழித்திருக்கும்போது, மேற்கே பெரிய கண்மாய் உடைந்துவிட்டது என்று அம்பலத்துக்குப் போன் வந்தது. அந்தத் தண்ணீர் முழுக்க இங்கே வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் கலுங்கைத் திறந்து வழி விடாவிட்டால் செம்பனேந்தல் கரை நிற்காது.

ஊர் ஓடிய அழகைச் சும்மா சொல்லக் கூடாது. ஒரு மாசத்துக்கு மேல் ஓடிப் பழகிய ஊர். தள்ளுமுள்ளு இல்லை, அழுகை இல்லை, தொட்டிக்குப் போகிறவர்கள் தொட்டிக்கு, பாறைக்குப் போகிறவர்கள் பாறைக்கு, அவரவர் சாமான் அவரவர் கையில், பதினோரு நிமிசத்தில் தெருவில் ஒரு கோழி இல்லை. பாறை மேல் ஏறி மூச்சு வாங்கி, வழக்கமான இடத்தில் வழக்கம்போல உட்கார்ந்த பிறகுதான் ஒருத்தி கேட்டாள்: "பிள்ளைக எங்கடி?"

பழகியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளோடு. புதன்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள் என்பதைக் கனவு ஒருநாளும் காட்டவில்லை. பள்ளிக்கூடம் கரைக்கு நேர் கீழே இருந்தது. அதற்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஓடை நெஞ்சளவு ஏறி ஓடியது. டீச்சர் நாற்பத்து மூன்று பிள்ளைகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருப்பது பாறையிலிருந்து தெரிந்தது. சாதாரண மழைக்கே ஒழுகுகிற கட்டிடம். பாறை மேல் இருந்தவர்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தர் சொன்னார், "தவசி கலுங்குல நிக்கிறான், பாரு." பார்த்தார்கள். நின்றான். கையில் சாவியோடு சிலை மாதிரி நின்றான். அடித்துக்கொள்வதைக் கொஞ்சம் நிறுத்தினார்கள்.

பஞ்சவர்ணம் ஓடினாள். தெற்கு வயலில் நாற்றுக்குத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தவளின் காதில் சத்தம் விழுந்ததுதான் தாமதம், கால் அதுவாகக் கிளம்பிவிட்டது. அவள் ஓடிய பாதை ஓடைக்கரை ஓரமாகப் போய், பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாற்போலத் திரும்பி, விலக்குக்குப் போகும். எதிர்க்கரையில், ஏணிக்குக் காத்து நின்ற பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார்கள். அவள் பார்த்தாள். கால் நிற்கவில்லை.

விலக்கில்தான் நின்றது. அங்கே நின்று முழிப்பு வருவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஏற்கெனவே முழித்துத்தான் இருந்தாள். மழையில் நனைந்துகொண்டு, இதோ இதுதான் நான், கனவு சொன்னது அத்தனையும் நிசம் என்று நின்றாள். மானாமதுரை பஸ் வந்து நின்றது.

"ஏறுக்கா, ஏறு," என்று அதே கண்டக்டர் கத்தினான். "பாலத்துல தண்ணி ஏறுது. இதான் கடைசி வண்டி."

பஞ்சவர்ணம் வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். அந்த விலக்கில், அந்தப் படியில், ஐப்பசி ஏழிலிருந்து அவள் நாற்பது தடவைக்கு மேல் கால் வைத்திருக்கிறாள், எல்லாம் இறங்குவதற்கு. அங்கே ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஓடியது கனவு. திரும்பி வந்ததோ பட்டப்பகலில் முழித்த காலோடு, தினமும், பஸ்ஸில் நின்றும், சேற்றில் நடந்தும் வந்தது. அதை ஊரும் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை. காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது. வலது கால் பழக்கத்தில் கீழே இறங்கியது. இடது கால் பழக்கத்தில் ஊர்ப் பக்கம் திரும்பியது. "ஏய் அக்கா, எங்க போற?" என்று கண்டக்டர் கேட்பதற்குள் அவள் சேற்றில் நாலு எட்டு போயிருந்தாள். வீட்டுக்குப் போகிற நேரம், கால் போகிறது.

அவள் கரையேறிக் கலுங்குக்கு வந்தபோது தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது. தவசி சாவியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். கண் திறந்திருந்தது. ஷட்டர் மூடியிருந்தது.

"ஏன்டா திருகல?"

"கை வரல மதினி."

"காலை நகட்டி இங்கிட்டு வா."

"காலும் வரல."

பஞ்சவர்ணம் அவன் முகத்தைப் பார்த்தாள். "அப்ப தினமும் இங்கன நின்னியே?"

"தினமும் இப்படித்தான் நின்னேன்." அவன் உதடு மட்டும் அசைந்தது. "ஓடணும்னு எம்புட்டு ஆசையா இருக்கும் தெரியுமா? நீங்க மானாமதுரை வரைக்கும் ஓடுறீங்கன்னு கேட்டு வயிறு எரிஞ்சிருக்கேன் மதினி."

"இதைக் கூட்டத்துல சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, எருமை!"

"மாலை போட்டுட்டாங்களே."

சாவியைப் பிடுங்கிப் பார்த்தாள். அவன் விரல் பத்தும் இரும்போடு இரும்பாக இறுகியிருந்தது. அறைந்து பார்த்தாள், அவன் கன்னம் சிவந்தது, விரல் விடவில்லை. தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவில் அரைச் சாண்தான் மிச்சம். பஞ்சவர்ணம் ஒரு மூச்சு விட்டாள். பிறகு சந்தைக் குரலுக்கு இறங்கினாள்.

"சரி தவசி. சாவி எனக்கு வேணாம். நீயே வச்சுக்க. சுண்டு விரலு ஒண்ணை மட்டும் குடு."

"அதைக் குடுத்தா அடுத்தது கேப்பீங்க."

"கேக்க மாட்டேன். உன் அண்ணன் மேல சத்தியம்."

"அண்ணன்தான் இல்லையே."

"இல்லாதவர் மேல பொய்ச் சத்தியம் பண்ணுவேனா? குடு."

சுண்டு விரல் மெதுவாகப் பிரிந்தது. அவள் கேட்டாள். "இங்க பாரு, சுண்டு விரல் போன பிறகு மோதிர விரலுக்கு அங்கன என்ன வேலை? அது சும்மா தொத்திக்கிட்டு நிக்குது. அதைச் சேத்துக் குடு, நடு விரலை நீயே வச்சுக்க." மோதிர விரல் வந்தது. நடு விரலுக்கு அவன் மறுத்தான். அவள் போவது போல முதுகைக் காட்டி இரண்டு எட்டு வைத்தாள். "மதினி, மதினி" என்று பின்னால் நடு விரல் திறந்தது. இடது கை முழுக்க அப்படி வந்தது. வலது கைக்கு அவன் சேர்த்து ஒரு விலை கேட்டான்: விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவள் அதை மட்டும் பேரம் பேசவில்லை. "போக மாட்டேன்" என்றாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டபோது கட்டைவிரல் வந்தது.

சாவியைப் பொருத்தித் திருகினாள். துருப்பிடித்த ஷட்டர் முதல் சுற்றுக்கு அசையவில்லை. அவள் திட்டிய திட்டில் இரண்டாவது சுற்றுக்கு அசைந்தது. நாலு விரல்கடை ஏறியதும் தண்ணீர் வெளியே பாய்ந்து, கலுங்கு முழுக்க அதிர்ந்து, அவள் காலை வாரியது. முந்தியை அவிழ்த்துத் தவசியின் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நகர முடியாதவனைவிட நல்ல தூண் அந்த நேரத்தில் எங்கே கிடைக்கும்? கட்டிக்கொண்டு திருகினாள், உள்ளங்கைத் தோல் உரியத் திருகினாள், ஷட்டர் முழுசாக ஏறித் தட்டி நிற்கும் வரைக்கும் திருகினாள். தண்ணீர் இடது பக்கம் ஆற்றைப் பார்த்துத் திரும்பியது. கரை நின்றது. மேற்கிலிருந்து வந்ததெல்லாம் வந்து, அந்த வழியே போயிற்று. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தவசிக்குக் கால் வந்தது. வந்ததும் அவன் செய்த முதல் காரியம் ஓடியதுதான். மொட்டைப் பாறையைத் தாண்டியும் ஓடினான்.

ஓடை வடிந்ததும் பஞ்சவர்ணம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏணியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோபிகா கடைசியாக இறங்கினாள். தாயாருக்கு மூன்றடி தள்ளி நின்றாள்.

"ஓடுன."

"ஓடுனேன்."

"ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

"ம்."

"நீ என்னைப் பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழை, கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை நம்பியும் இருக்கும். பஞ்சவர்ணம் வாழ்நாளில் அழுகல் கத்தரிக்காயை நல்லது என்று யாரையும் தன்னிடம் சொல்ல விட்டதில்லை.

"பாத்தேன்," என்றாள்.

கோபிகா அந்த மூன்றடியையும் நடந்து வந்தாள். பிறகு தாயாரின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள், தோல் உரிந்திருந்த இடத்தை ஊதினாள், முன்னால் நடந்தாள்.

அடுத்த அரிசி நாளில் ஊர் கூடிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தது. அம்பலத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப கனவு பொய்யா பஞ்சவர்ணம்? சாமி பொய்யா காட்டுச்சு?"

"பொய் இல்ல. ஓடுனேன்ல? ஆனா அது மூணரை மணிக்குக் கடையச் சாத்திருது. நாலு மணிக்கு மேல என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்." பிறகு, மழைக்காலத்தில் தவசியும் தன்னோடு கலுங்குக்கு வர வேண்டும், கட்டிக்கொள்ள ஆள் தேவை என்றாள். தவசி முதல் முறையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்து, தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. மாலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டபோது சிரித்தார்கள்.

கனவு நிற்கவில்லை. மார்கழியிலும் வந்தது. மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் மகளுக்குப் பக்கத்தில் படுத்தாள், கரை வெடித்தது, அவள் ஓடினாள், வாழைப்பழக் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் வெறும் கையோடு முழித்தாள். தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, டிக்கெட்டுக்காகக் கண்டக்டரிடம் ஒரு சண்டை போட்டு, விலக்கில் இறங்கினாள்.

விலக்கில் கிலோமீட்டர் கல் மேல் கோபிகா உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க எப்படி வந்த?"

"கரை உடைஞ்சுச்சு. ஓடி வந்தேன். இங்கனதான் முழிச்சேன்."

"வீட்டு வாசலுக்குப் போகலையா?"

"அங்க எதுக்கு? நீ இந்த வழியாத்தான வருவ," என்று கோபிகா கல்லிலிருந்து இறங்கிப் பாவாடையைத் தட்டினாள். "இன்னிக்கு ஏன் லேட்டு?"